அமீர்பேட்டில் ஸ்கின்னருக்கு என்ன வேலை?

ஹைதராபாத் அமீர்பேட்டின் மைத்ரிவனத்தில் இறங்கி ஆதித்யா என்க்ளேவ் பக்கம் திரும்பினால் அண்ணாந்துதான் நடக்க வேண்டும். ஜாவா, டாட்நெட், ஆரக்கிள், டெஸ்டிங் என்று மாடிக்கு மாடி பயிற்சி நிலையங்களின் பேனர்கள். இப்போது டேட்டா சயின்ஸும் டெவ்ஆப்ஸும் சேர்ந்துவிட்டன. முதல் ஓரிரு வகுப்புகள் 'டெமோ', காசில்லை. பிடித்தால் பணம் கட்டலாம். கல்லூரிகளில் இல்லாத நேர்மை இது.

அமீர்பேட்டை மனப்பாடத் தொழிற்சாலை என்று கேலி செய்பவர்கள் நடத்தைவாத உளவியலாளர் ஸ்கின்னரை இழுப்பார்கள். பாவம் அவர். 1953-இல் மகளின் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, போட்ட விடை சரியா தவறா என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவது அவரை உறுத்தியது. சின்னச் சின்னப் படி, ஒவ்வொன்றுக்கும் உடனடி பதில் என்ற கற்பிக்கும் இயந்திரம் அதிலிருந்து பிறந்தது. அந்த வகையில் அவருடைய கொள்கையை நான் கண்டது எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான். ஏ எஸ் டி எஃப் என்று தட்டத் தட்ட, தப்பு அப்போதே தாளில் பல்லிளிக்கும். விரல்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

நான் படித்த அமீர்பேட் வகுப்பில் அது நடக்காது. நூறு தலைகளுக்கு அப்பால் சார் பலகையில் எழுதுவார், நாங்கள் 'ரன்னிங் நோட்ஸ்' எடுப்போம். புரிந்ததா என்று யாரைக் கேட்பது?

படிப்பு நடந்தது எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல் அறையில். ஒரு பேட்ச் முன்னால் சேர்ந்த அனந்தபூர் பையன், பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாக எனக்கு இன்டர்ஃபேஸ் சொல்லிக்கொடுத்தான். தனியே எட்டாததைக் கொஞ்சம் அதிகம் தெரிந்தவர் துணையோடு எட்டலாம் என்று 1934-இல் இறந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இது முன்பே தெரியும். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வழக்கத்தைச் சென்னையில் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், தன் பள்ளியில் செய்துபார்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது.

ஸ்கின்னர், வைகாட்ஸ்கி இருவர் வழியிலும் கிடைக்காதது ஒன்று உண்டு. 1970களில் லைபீரியத் தையற்காரர்களிடம் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜீன் லேவ், அங்கே தொழில் பழகுபவர்கள் முடிந்த உடுப்புக்குப் பொத்தான் தைப்பதில் தொடங்கி, துணி வெட்டுவதற்குக் கடைசியாக வருவதைக் கண்டார். சின்ன வேலைதான், ஆனால் நிஜ உடுப்பு, நிஜ வாடிக்கையாளர். எங்களுக்குத் தந்த 'ரியல் டைம் புராஜெக்ட்' ஒரு வங்கி மென்பொருளின் ஜெராக்ஸ் கட்டு. பேட்ச் முழுவதும் அதே வங்கியைத்தான் இன்டர்வியூவில் ஒப்பித்தோம். வேலையில் சேர்ந்து, யாரோ எழுதிய நிரலில் பிழை திருத்த உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பொத்தான் தைக்கக் கிடைத்தது.

கொரோனாவுக்குப் பிறகு பல வகுப்புகள் ஆன்லைனுக்குப் போய்விட்டன. அண்ணன் மகன் ஊரிலிருந்தே செல்போனில் படிக்கிறான். புரியாவிட்டால் நிறுத்தி மறுபடி பார்க்கலாம், அது நல்ல வசதிதான். சந்தேகம் கேட்கத்தான் ஆளில்லை என்றான். அதே கோர்ஸ் படிக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்காரச் சொல்லியிருக்கிறேன்.