வரிசையும் பங்கீடும்: மலையக இணையவழிக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையவழிக்கு மாறியபோது, நுவரெலியா, அட்டன் தோட்டப்புற மாணவர் பலர் சமிக்ஞை தேடி மலைமேடுகளில் ஏற நேர்ந்தது. சமிக்ஞை கிட்டிய இடத்தும் ஆசிரியரின் குரல் அறுபடுவதற்கு மற்றொரு காரணம் உண்டு. அதனையே நாம் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இணையத்திலே தரவுகள் சிறு பொதிகளாகச் செல்கின்றன. பொதிகள் இணைப்பின் கொள்ளளவை விஞ்சும்போது, ரவுட்டர் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசைப்படுத்துகின்றது. நினைவகம் பெரிதாயின் நன்மையே என எண்ணத் தோன்றும். ஆனால், பொதி தவறும்போதே அனுப்பும் கணினி நெரிசலை உணர்ந்து வேகத்தைத் தணிக்கின்றது; நீண்ட வரிசை அவ்வெச்சரிக்கையைப் பிற்படுத்துகின்றது. நிறுவைக்குக் காத்திருந்து வாடும் கொழுந்தைப் போல, பிந்திவரும் குரற்பொதியும் பயனிழக்கின்றது.

2012இல் கத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோர் முன்வைத்த ‘கோடெல்’ முறை, வரிசையின் நீளத்தை விடுத்துக் காத்திருப்பு நேரத்தை அளக்கின்றது. அந்நேரம் 5 மில்லிசெக்கனைத் தாண்டி, 100 மில்லிசெக்கன் வரை குறையாதிருப்பின், பொதிகளைக் கைவிடத் தொடங்குகின்றது. ‘எஃப்கியூ-கோடெல்’ முறையோ தொடர்புகளைத் தனித்தனி வரிசைகளாக்கி முறைவைத்து அனுப்புகின்றது. எனவே, ஒரு தோட்டப் பாடசாலையில் பலர் பகிரும் இணைப்பிலே, ஒருவரது பதிவிறக்கம் மற்றவரது பாடத்தை எளிதில் மறிக்காது. இதற்கு, ரவுட்டரின் வேக வரம்பை இணைப்பின் வேகத்திலும் சற்றுக் குறைவாக அமைத்தல் வேண்டும். அன்றேல் வரிசை வேறு கருவியில் உருவாகிவிடும்.

இருக்கும் கொள்ளளவை நேர்மையாகப் பங்கிடுவது ரவுட்டரின் வேலை; அக்கொள்ளளவைத் தோட்டங்களுக்குக் கொண்டுவருவது அரசினதும் தொலைத்தொடர்பு நிறுவனங்களினதும் கடமை என்பதே எமது கருத்து.