அடுக்களையில் ஒரு வேண்டுதல்

உப்பு, மிளகாய், கடுகு. இந்த மூன்றையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்ட அம்மையையோ ஆச்சியையோ பார்த்திராதவர் நம் தலைமுறையில் குறைவு. மிளகாய் நெடி வந்தால் கண்ணேறு இல்லை, வராவிட்டால் கண்ணேறு கழிந்தது என்பது கணக்கு. நெடி வந்தாலும் வராவிட்டாலும் வீட்டாருக்கு நிம்மதி. காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கங்களில் தமிழ் வீடுகளிலும் மலையாள வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. மலையாளத்தார் செயலை "உழிஞ்ஞிடல்" என்பார்கள். ஆனால் "கண்ணேறு" என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே தவிர, அடுப்படியைப் பிரிக்கவில்லை.

இப்போது அதே மூன்று பொருளோடு கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் புளிப்பும் சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள். மேல்நாட்டார் பச்சைக் காய்கறியின்மேல் ஊற்றிச் சாப்பிடும் "வினிகிரெட்" கிடைத்துவிடும். வினிகர் என்ற சொல்லே "புளித்த திராட்சை மது" என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் வழியாக அதே சொல் இலங்கைத் தமிழருக்கு "வினாகிரி" ஆயிற்று. இங்கே நம் அக்கம்பக்கத்தில் அதற்குச் "சொருக்கா" என்று பெயர். பழைய தமிழில் "காடி" என்றார்கள்.

பெயரில் வந்த சண்டை

இந்தப் பொருளைப் பற்றி எழுதத் தூண்டியது வீட்டில் நடந்த ஒரு சிறு வாக்குவாதம். பெங்களூரில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது, வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே, "பாட்டா, இப்போ இதுக்கு கிச்சன் விட்ச்கிராஃப்ட்னு பேரு. மனசுல ஒண்ணு நெனச்சு, அதுக்கு ஏத்த சாமான் போட்டுச் சமைக்கணும். அடுக்களைச் சூனியக்காரின்னு சொல்லலாம்" என்றாள்.

என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "மக்ளே, வெளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பேச்சை எடுக்காத. நல்லது நெனச்சு உப்பு சுத்திப் போட்ட எங்க அம்மை சூனியக்காரியா?" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மேல்நாட்டில் இது ஒரு நூற்றாண்டுக்குள் வளர்ந்த வழக்கம். இங்கிலாந்தில் பழைய சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. 1954-ல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் இவ்விஷயம் பற்றி நூல் எழுதினார். 1990-ல் ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், எந்த உணவுக்கு எந்த நோக்கம் என்று வரிசைப்படுத்தி ஒரு புத்தகமே போட்டார். அங்கே அந்தச் சொல்லை ஒரு பெண் தானே விரும்பிச் சூட்டிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அப்படி இல்லை. "சூனியக்காரி" என்பது இங்கே அடுத்தவர் ஒரு பெண்ணின்மேல் சுமத்தும் பழி. பெரும்பாலும் விதவை, நிலம் உள்ளவள், ஆதரவற்றவள்மேல் அது விழும். ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களும் அடித்துக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அதைத் தடுக்கவே பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக உழைத்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, அவர் பல ஆண்டுகள் கேட்ட சட்டம் அங்கே வந்தது. ஆகவே வெளியூரில் வளரும் பிள்ளைகள் விளையாட்டாக அந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போது, அதன் கனத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நமக்கு "வேண்டுதல்" என்ற நல்ல சொல் இருக்கிறது. அதுவே போதும்.

பொருளின் வேலை, கையின் வேலை

ரயில்வேயில் பாலமும் பாதையுமாகக் காலம் கழித்தவன் நான். கான்கிரீட்டுக்கு 1:2:4 என்றால் யார் கலந்தாலும் அதே விகிதம்தான். வினிகிரெட்டுக்கும் அப்படி ஒரு விகிதம் உண்டு: எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு. நம் நாக்குக்கு இரண்டுக்கு ஒன்றும் நன்றாக இருக்கும்.

எண்ணெயும் நீரும் சேராது. குலுக்கினால் சேர்ந்தது போலத் தோன்றிப் பிறகு பிரியும். அதைப் பிடித்து நிறுத்துவது கடுகு. கடுகின் தோலில் ஒரு வழவழப்பான பசை உண்டு. பொடித்த கடுகைப் போட்டால் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கூடாமல் அது காவல் காக்கும். கேரளத்துப் பச்சடியில் பச்சைக் கடுகைச் சதைத்துப் போடுவதை நாம் இங்கே தினமும் பார்க்கிறோம்; இது அதன் ஒன்றுவிட்ட சகோதரன். உப்பு எண்ணெயில் கரையாது, புளிப்பில் கரையும். ஆகவே முதலில் சொருக்காவில் உப்பு, பிறகு கடுகு, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

சொருக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளில் உள்ள சாராயத்தை, காற்று படும்படி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றும். அதுவே கள்ளுச் சொருக்கா. பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசுவது இந்தப் புளிப்பு ஏறாமல் இருக்கத்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்தில் உரிமம் பெற்றவர்கள் இறக்கலாம். ஆகவே களியிக்காவிளைக்கு அந்தப் பக்கம் இல்லாத ஒரு சரக்கு இந்தப் பக்கம் கிடைக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் புளிக்கவைக்கப் போக வேண்டாம். கடையில் வாங்கி, கலப்பதை மட்டும் வீட்டில் செய்யுங்கள். வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். புளிக்கவைத்துச் செய்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்ததானால் "செயற்கை" என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

மூன்று கலவைகள்

கண்ணேறு கழிய: சொருக்கா ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பொடித்த கடுகு அரைத் தேக்கரண்டி, வறுத்து நொறுக்கிய வற்றல் மிளகாய் ஒன்று, தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. வெள்ளரிக்காயும் சின்ன உள்ளியும் நறுக்கி அதன்மேல் ஊற்றுங்கள். சுற்றிப் போடும் அதே மூன்று பொருள், இம்முறை அடுப்புக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். குளிர் நாட்டில் இருப்பவர்கள் நல்லெண்ணெய் சேர்க்கலாம்.

பிணக்கு தீர: எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி, இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. துருவிய காரட்டுக்கோ பச்சை மாங்காய்க்கோ பொருந்தும். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோவது நம் வழக்கம். பேச்சு முறிந்த வீட்டில் அதையே தேனோடு சேர்த்துப் பரிமாறலாமே! தேனுக்கு நாம் தூரம் போக வேண்டாம். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணி மையம் நடத்தித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். இன்று அந்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் இளந்தளிரில் ஊறும் இனிப்பிலிருந்து வருகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

மங்கலம் நிறைய: தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டியை இளஞ்சூடாக்கி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, பொடித்த மிளகு கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு போட்டு இறக்கி ஆறவிடுங்கள். பிறகு உப்பு கரைத்த சொருக்கா ஒரு மேசைக்கரண்டியில் சேர்த்துக் குலுக்கி, வேகவைத்த கடலை அல்லது சிறுபயற்றில் கலக்குங்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கும் புது வீடு புகும் குடும்பத்துக்கும் ஏற்றது. மஞ்சளின் நிறம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும் என்பதால்தான் எண்ணெயைச் சூடாக்குகிறோம்.

பிள்ளைகளோடு இன்னொன்றும் செய்து பாருங்கள். மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு கலந்தால் செக்கச் சிவக்கும். அதுதான் நம் ஆரத்தி. அதில் நாலு சொட்டு சொருக்கா விட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், சொருக்கா அமிலம். (சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.) ஆச்சி சொன்னதும் பள்ளிக்கூடம் சொல்வதும் ஒரே கிண்ணத்தில் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

நல்ல எண்ணம் பொருளின் குணத்தை மாற்றாது. எண்ணெயில் பச்சைப் பூண்டு போட்டுப் பல நாள் வெளியே வைத்தால், எவ்வளவு நல்லதை நினைத்துச் செய்திருந்தாலும், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி நஞ்சு உண்டாக்கும். பூண்டு சேர்த்தால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும். கண்ணாடியோ பீங்கானோ நல்லது.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. காட்டாக்கடையைச் சுற்றி ரப்பர் மரம் உள்ள வீடுகளில், பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும். அதுவும் வினிகரைப் போலவே நிறமற்றது. தவறிக் குடித்து உணவுக்குழாய் வெந்து அவதிப்பட்டவர்களைக் கேரளத்து மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அந்த ஆசிட்டைப் பழைய குடிநீர்ப் புட்டியில் ஊற்றி அடுக்களையில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அதேபோல, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். உப்பு சுற்றுவது திரும்பி வந்த பிறகு. உப்பு சுற்றிப் பார்த்துக் காத்திருந்த ஒரு இரவில் கைமீறிப் போகும் நோய்கள் உண்டு.

அப்படியானால் வேண்டுதலுக்கு என்ன வேலை? பேத்தி இதையே கேட்டாள். "யாருக்குன்னு நெனச்சுச் செய்யறோமோ, அவங்களுக்கு என்ன புடிக்கும், என்ன ஒத்துக்கும்னு யோசிப்போம் இல்லியா மக்ளே? அதுதான்" என்றாள் என் மனைவி. அந்தப் பதிலில் எனக்கும் உடன்பாடு. ஒருவரை நினைத்து உப்பு அளப்பவள், அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் குறைத்தே போடுவாள். குலுக்கும் ஒரு நிமிடம் அவருக்கென்றே ஒதுக்கப்படுகிறது. சாப்பிடுபவருக்கும் அது தெரியும். இதற்கு மேல் ஒரு சக்தி உண்டென்று நம்புகிறவர்கள் நம்பட்டும். அது அவரவர் விருப்பம்.

எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். வேண்டுதல் ஒருவருக்காக இருக்கலாம், ஒருவருக்கு எதிராக இருக்கக்கூடாது. "அவள் கண்ணுதான் பட்டிருக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு உப்பு சுற்றக் கூடாது. பழி தொடங்குவது அப்படி ஒரு பெயரில்தான். பெயர் சொல்லாமல், "எல்லாக் கண்ணும் போகட்டும்" என்று சுற்றிய ஆச்சிமார் இருந்தார்கள். அவர்கள் வழியைப் பிடித்துக்கொள்வோம்.

சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களில் முதலில் மறைவது இப்படிப்பட்ட சின்ன வழக்கங்கள்தாம். பிள்ளைகள் நாளை வேறு நாட்டுப் புத்தகத்தில் இதையே படித்து வியப்பதற்கு முன், நம் அடுக்களையில் ஒருமுறை பார்த்துவிடட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளரிக்காய் நறுக்குங்கள். உங்கள் வீட்டு ஆச்சி என்னென்ன பொருளுக்கு என்னென்ன பொருள் சொன்னார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் எழுதி நம் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.