‘நீங்க சும்மா உட்காருங்கப்பா’: அன்பாகச் சொல்லும் வார்த்தை பெரியவர்களை என்ன செய்கிறது?

“நீங்க ஏன்ப்பா வெயில்ல அலையறீங்க, நான் ஆன்லைன்ல கட்டிடறேன்.” கரண்ட் பில் கட்டக் கிளம்பிய அப்பாவிடம் மகன் சொல்வது இது. “அடுப்படிப் பக்கம் வராதீங்கம்மா, உட்கார்ந்து டிவி பாருங்க.” இது அம்மாவுக்கு. இரண்டிலும் அக்கறைதான் இருக்கிறது. ஆனால், நாளுக்குப் பத்து முறை இதைக் கேட்கும் பெரியவரின் மனதில் பதிவது வேறு: ‘இனி என்னால் இந்த வீட்டுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.’

பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதில் நம் வீடுகள் குறை வைப்பதில்லை. பத்திரிகையில் முதல் பெயர் அவர்களுடையது. காலில் விழுந்து ஆசி வாங்காமல் எந்த விசேஷமும் நடப்பதில்லை. ஆனால், மரியாதை என்பது பிறர் கொடுப்பது. தன்மதிப்பு என்பது, ‘நான் பயனுள்ள ஆள், என் சொல்லுக்கும் செயலுக்கும் மதிப்பு இருக்கிறது’ என்று ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் கணிப்பு. முன்னது நிறையக் கிடைத்தும் பின்னது வற்றிப்போன பெரியவர்கள் ஏராளம்.

வயதானால் இது குறையத்தானே செய்யும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் உல்ரிக் ஆர்த்தும் சக ஆய்வாளர்களும், 1.6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், தன்மதிப்பு நடுவயது வரை ஏறிக்கொண்டே போய், 60 வயதில் உச்சத்தைத் தொடுகிறது. 70 வரை அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் பணி ஓய்வு பெறும் வயதும் 60 தான். உச்சத்தில் இருக்கும்போது மாலை போட்டு, ‘இனி ரெஸ்ட் எடுங்க’ என்று வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்! உடல்நலக் குறைவு, துணையின் இழப்பு, கையில் காசு இல்லாமை என இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் குடும்பத்தால் தடுக்க முடியாது. ஆனால், கையில் இருக்கும் வேலையையும் முடிவெடுக்கும் உரிமையையும் பிடுங்காமல் இருப்பது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

முடியாதவருக்கு மட்டும் கவனிப்பா?

ஜெர்மானிய உளவியலாளர் மார்கிரெட் பால்டெஸ், முதியோர் இல்லங்களில் அன்றாடம் நடப்பதைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தவர். அங்கே வசிப்பவர் தானாக உடை மாற்றிக்கொண்டால், தானாகச் சாப்பிட்டால், பணியாளர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ‘முடியல’ என்று உட்கார்ந்துவிட்டால் உடனே ஒருவர் அருகில் வருகிறார், பேச்சுக் கொடுக்கிறார், தொட்டுத் தூக்கிவிடுகிறார். ஆக, துணை வேண்டுமென்றால் முடியாதவராக இருந்தாக வேண்டும்.

இல்லத்தில் மட்டுமா இது நடக்கிறது? பாட்டி தோட்டத்தில் களை பிடுங்கும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. “மூட்டு வலிக்குதுடா” என்றால்தான் பேரன் செல்போனை வைத்துவிட்டு வருகிறான். அப்படியானால் பாட்டி அடுத்த முறை எதைச் சொல்லிக் கூப்பிடுவார்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் நடத்திய முதியோர் இல்ல ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், ‘அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் சினிமா பார்ப்பது எல்லாம் உங்கள் விருப்பம்’ என்றார்கள். ஆளுக்கொரு செடி தரப்பட்டது. தண்ணீர் ஊற்றுவது அவரவர் பொறுப்பு. மற்றொரு தளத்திலும் செடி தரப்பட்டது. ஆனால், ‘அதைப் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்லப்பட்டது. மூன்று வாரம் கழித்து, பொறுப்பு பெற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். நூறு பேர்கூட இல்லாத சின்ன ஆய்வுதான். இருந்தாலும், யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று யோசிக்க வைத்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ‘பொழுதுபோகட்டும்’ என்று ஒப்புக்குக் கொடுப்பதைப் பெரியவர்கள் சட்டெனக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் செய்யாவிட்டால் வீட்டில் ஒன்று நின்றுபோகும் என்றால், அதுதான் வேலை. பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதாக இருக்கலாம். மாதாந்திர மளிகைக் கணக்காக இருக்கலாம். அம்மா ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரையை அவர் கண்ணெதிரிலேயே மறுபடி ஆய்வதைப் போல மனதைச் சுடுவது வேறொன்றில்லை. நாலு காம்பு கிடந்தால்தான் என்ன?

விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதற்காக வேலையையே தடுக்க வேண்டியதில்லை. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்தே காய் நறுக்க வசதியான உயரத்தில் நாற்காலி மேசை என்று இடத்தை மாற்றினாலே பாதி வேலை தொடரும்.

அடுத்தது பணம். பென்ஷன் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் மகனிடம் இருக்கும். சாப்பாட்டுக்குக் குறையிருக்காது. ஆனால், ஊரிலிருந்து வந்த பேத்தி கையில் நூறு ரூபாய் வைக்க, மகனிடம் கைநீட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. சிறிய தொகைதான், ஆனால் அது அவர் கையிலேயே இருப்பதும், செலவுக்குக் கணக்கு கேட்காமல் இருப்பதும் முக்கியம்.

சொத்தை எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பராமரிப்போம் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதி வைப்பது பின்னால் வரும் வம்பைக் குறைக்கும். இதுபோன்ற உதவிகளுக்கு, 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மருத்துவமனையிலும் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்க, “பெரியவருக்கு என்ன பண்ணுது?” என்று மகனிடம் விசாரிப்பார்கள். மகனும் கடகடவென்று பதில் சொல்வார். “அப்பா, நீங்களே சொல்லுங்க” என்று மகன் திருப்பிவிட்டாலே போதும். விடுபட்டதை மட்டும் பிறகு சேர்க்கலாம்.

காது மந்தத்தைக் கேலிப் பொருளாக்குவதும் நடக்கிறது. ஒன்றைச் சொன்னால் வேறொன்று கேட்டு, வீடே சிரிக்கும். இரண்டு முறை இப்படி நடந்தால் அவர் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டுவிடுவார். ‘அவர் எப்பவும் அமைதியா இருப்பார்’ என்று வீட்டில் சொல்வார்கள். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் பரிசோதித்துக் கருவி பொருத்தினால், அந்த அமைதி கலையலாம்.

ஸ்மார்ட்போன் கற்றுக்கொடுக்கும்போது, “குடுங்க, நான் பண்றேன்” என்று போனைப் பிடுங்காதீர்கள். விரல் அவருடையதாக இருக்கட்டும். வழியை மட்டும் வாயால் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும்.

எப்போது டாக்டரிடம் போவது?

“நான் எல்லாருக்கும் பாரம்”, “சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா நல்லது” போன்ற பேச்சை, ‘வயசானா அப்படித்தான் புலம்புவாங்க’ என்று தள்ளிவிடக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குறைந்து, பிடித்த விஷயங்களில்கூட நாட்டமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சையால் குணமாகக்கூடியது. மறதியோடு சேர்ந்து வந்தால் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அழைப்பைப் பெரியவரே பேசட்டும். எண்ணை மட்டும் அழுத்திக் கொடுத்தால் போதும்.