பேண்தகு கல்வியும் தேசப்படத் தொழிலும்

பூமியின் வளங்களை வருங்காலத்தார்க்கும் எஞ்சுமாறு நுகர்வது எவ்வாறு என ஆராய்வது பேண்தகு அபிவிருத்திக் கல்வி. அதனைப் பயின்ற பட்டதாரி தேசப்படத் தொழிலை நாடுதல் வழிமாறிச் செல்வதன்று. காடு குறைகின்றது என்போர் எங்கே, எவ்வளவு என்பதையும் கூறல் வேண்டும். அதற்குப் படமே சான்று.

கனடாவின் நிலவளத்தைக் கணிக்கும்பொருட்டு 1960களில் றொஜர் தொம்லின்சன் வகுத்த முறையே புவியியல் தகவல் முறைமைக்கு வித்தாயிற்று. 1972இல் அமெரிக்கா முதலாவது லாண்ட்சற் செய்மதியை ஏவிற்று. இவ்வரிசையில் இன்று இயங்கும் செய்மதி ஒவ்வொன்றும் 16 நாட்களுக்கொருமுறை ஒரே நிலத்தைப் படம்பிடிக்கின்றது. அப்படங்கள் 2008 தொடக்கம் இலவசமாக வழங்கப்படுகின்றன. செழித்த இலை செந்நிற ஒளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மைச் செங்கீழ்க் கதிரைத் தெறிக்கச் செய்யும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கொண்டே தாவரச் செழிப்பு அளக்கப்படுகின்றது.

ஆயின், 30 மீற்றர்ச் சதுரமொன்றில் இயற்கைக் காடும் இறப்பர்த் தோட்டமும் ஒருபடித்தான பச்சையாகவே தோன்றலாம். தோட்டத்தைக் காடெனக் கணித்த படம் காடழிவையே மறைத்துவிடும். அவ்விடத்தில் ஐயுறுதலும், களஞ்சென்று தெளிதலும் சூழலியல் கற்றவர்க்கு இயல்பாக அமைவன. ஆதலின், கணினியையும் புள்ளிவிபரவியலையும் புதிதாகப் பயிலும் இப்பட்டதாரி தம் பழைய கல்வியைக் கைவிடற்க. அதுவே அவர்தம் முதற் கருவியாகும்.