இது அந்த 'பார் டெண்டர்' இல்லீங்கோ!

தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு 'பார் டெண்டர்'னு சொல்லிப் பாருங்க. 'எந்தக் கடை? யாருக்குக் கிடைச்சுது?'னுதான் திருப்பிக் கேப்பாங்க. டாஸ்மாக் பாரை நடத்துறதுக்கு விடற டெண்டர்தான் நம்ம ஊருக்குத் தெரிஞ்ச பார் டெண்டர்! ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சுட்டு, 'நான் பார்டெண்டர் ஆகப் போறேன்'னு வீட்ல சொல்ற பசங்களோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

சரி, வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சு மேய்வோமா? 'பார்' என்பது கிளாஸ் வைக்கிற நீளமான கவுன்ட்டர். 'டெண்ட்' என்பது 'அட்டெண்ட்' சுருங்கி வந்த சொல். அர்த்தம், கவனித்துக்கொள்வது. ஆக, பார்டெண்டர் வெறுமனே ஊத்திக் கொடுக்கறவர் இல்ல. கவுன்ட்டரையும், எதிர்ல உக்காந்திருக்கறவரையும் கவனிச்சுக்கறவர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த வார்த்தை இது. 'எடிட்டர்'லேர்ந்து 'எடிட்' வந்த மாதிரி, 'பார்டெண்ட்' என்ற வினைச்சொல் பிற்பாடுதான் வந்தது.

இதுக்கு ஒரு இத்தாலி கசின் உண்டு... 'பாரிஸ்டா'! அங்கே காபியோ, மதுவோ, கவுன்ட்டருக்குப் பின்னால நிக்கறவர் பாரிஸ்டாதான். நம்ம ஊருக்கு வந்ததும் காபியோட நிறுத்திக்கிட்டார். அதனால பாரிஸ்டான்னா வீட்ல 'பரவால்ல', பார்டெண்டர்னா 'என்னது?'!

வேலை என்னமோ அளவு, கணக்கு, நிதானம்தான். ஸ்மால்னா 30 மி.லி., லார்ஜ்னா 60. எந்த டிரிங்க்குக்கு எந்த கிளாஸ், ஸ்டாக்குல எத்தனை பாட்டில்னு எல்லாம் விரல் நுனியில இருக்கணும். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு விற்கக் கூடாது. ஓவரா போனவர்கிட்ட 'போதும் சார்'னு பக்குவமா சொல்லவும் தெரியணும். கஷ்டமான பாடமே அதுதான்.

பொண்ணுங்களுக்கு இன்னொரு தடையும் இருந்துச்சு. மது பரிமாறும் இடங்களில் பெண்களும், 25 வயசுக்குக் குறைஞ்ச ஆண்களும் வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னது 1914-ஆம் வருஷத்து பஞ்சாப் கலால் சட்டம். டெல்லியிலும் அதேதான். டிசம்பர் 2007-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. பாதுகாப்பு கொடுக்கறது அரசாங்கத்தோட வேலை, அதைக் காரணம் காட்டி பொண்ணோட வேலையைப் பறிக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்போட சாரம்.

அடுத்த தடவை டீக்கடைக்குப் போனா மாஸ்டரைக் கவனிங்க. யாருக்கு ஸ்ட்ராங், யாருக்கு லைட், யாருக்குச் சர்க்கரை கம்மி... முகத்தைப் பார்த்தே போட்டுத் தர்றாரே, அதுவும் 'டெண்ட்' பண்றதுதான். வீட்ல கேட்டா அங்கேர்ந்து ஆரம்பிங்க பாஸ்!