குளியல் சரக்கு: குறைந்த முதல், நிறைந்த வாடிக்கை



அரிசி, பருப்பு, எண்ணெய் விற்பதில் இன்று என்ன மிஞ்சுகிறது என்பதை நம்மில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய அங்காடிகளும், வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் விலையைக் குறைக்கும்போது நாமும் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் கடையின் பின் மூலையில் சாக்கிலும் டப்பாவிலும் கிடக்கும் சில சரக்குகளை நாமே மறந்துவிட்டோம். சீயக்காய், அரப்பு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், காய்ந்த ரோஜா மொட்டு போன்ற குளியல் சரக்குகளைத்தான் சொல்கிறோம்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் மாலை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். "வெந்நீரில் போட்டுக் குளித்தால் உடம்பு அலுப்பு தீருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, கைபேசியில் ஒரு கண்ணாடி ஜாடியின் படத்தைக் காட்டினார். கலர் உப்பும் நான்கு பூவிதழும் போட்ட ஜாடி அது. விலை பல நூறு ரூபாய். எங்கள் மகன் "அதெல்லாம் நம்மிடம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் வெட்டிவேர்க் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மனம் கேட்கவில்லை.

மகனைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்கிற சரக்கை நாமே போட்டுக் குளித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? அன்று முதல் இரண்டு மாதம், ஞாயிறுதோறும் ஒரு சரக்கு என்று வீட்டிலேயே சோதித்தோம். நாங்கள், எங்கள் வீட்டம்மா, மகன், மருமகள் என நால்வர். எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. பக்கெட்டும் சொம்பும்தான். நம் வாடிக்கையாளர் வீடுகளும் பெரும்பாலும் அப்படித்தானே. பார்த்ததைப் பார்த்தபடி கீழே தருகிறோம்.

சோதித்துப் பார்த்தவை

வெட்டிவேர்: பத்து கிராம் வேரை மண் போக அலசி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தோம். பிறகு பக்கெட்டில் விளாவிக் குளித்தோம். மணம் மூக்கைத் துளைக்காது; ஆனால் துடைத்த பிறகும் மெல்ல நிற்கிறது. நால்வருக்கும் பிடித்தது இதுதான். அந்த முடிச்சை நிழலில் உலர்த்தி மூன்று முறை பயன்படுத்தினோம். நான்காம் முறை மணம் இல்லை. கணக்குப் பார்த்தால் ஒரு குளியலுக்கு ஆகும் செலவு ஒரு டீயின் விலைகூட இல்லை. கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணற்பாங்கான ஊர்களில் இது பயிராகிறது. கொள்முதல் செய்யும்போது ஒரு துண்டை நனைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஈரம் பட்டதும் மணம் எழ வேண்டும். எழாவிட்டால் அந்த வேரை வாங்க வேண்டாம்.

பயத்தமாவும் ரோஜா மொட்டும்: சோப்புக்குப் பதில் தேய்த்துக் குளித்தோம். தோல் வறளாமல் இருக்கிறது என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. மருமகள் தனியாக ரோஜா இதழை அப்படியே பக்கெட்டில் உதிர்த்துப் பார்த்தார். பார்க்க அழகுதான். ஆனால் இதழெல்லாம் சாக்கடைச் சல்லடையை அடைத்து, குளியலறையில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஆகவே, பூவோ வேரோ துணி முடிச்சில்தான் போட வேண்டும் என்று வாங்குபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கல்லுப்பு: காலை முதல் இரவு வரை கடையில் நிற்கும் நமக்குத்தான் இது முதலில் வேண்டும். அகலமான பேசினில் ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பதினைந்து நிமிடம் காலை வைத்திருந்தால் பாதத்தின் கடுப்பு இறங்குகிறது. மறுநாள் உப்பே போடாமல் வெறும் வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். சுகம் ஏறத்தாழ அதேதான். எனவே உப்பு பெரிய மருந்து என்று சொல்லி விற்க எங்களுக்கு வாய் வரவில்லை. பாதிக்கு மேல் வேலையைச் செய்வது சூட்டுத் தண்ணீரும், பதினைந்து நிமிடம் சும்மா உட்காருவதும்தான்.

பேதி உப்பு: ஜாடிகளில் வரும் பல குளியல் உப்புகளில் இருப்பது இதுதான். மக்னீசியம் சல்பேட் என்பது அதன் வேதிப் பெயர். இது தோல் வழியே உள்ளே சென்று வலியைப் போக்குகிறது என்பது சரிவர நிரூபிக்கப்படவில்லை. எங்கள் காலுக்கும் கல்லுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதே பெயரில் உரக்கடையிலும் மூட்டை கிடைக்கும். அது செடிக்கு உரிய தரம். விலை மலிவு என்று அதை வாங்கிப் பொட்டலம் கட்டிக் குளிக்கக் கொடுக்கக் கூடாது.

எண்ணெய்யும் சீயக்காயும்: இதற்குச் சோதனை தேவையில்லை என்றாலும் மகனுக்காகச் செய்தோம். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதுதான் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போகிறது. சோப்பு வருவதற்கு முன்பே நம் பெரியவர்கள் தலை அலசியது இப்படித்தான். இதில் கடைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று. நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே விளக்கு எண்ணெய்ப் பாட்டிலையும் அடுக்கி வைக்கிறோம். மலிவாக இருக்கிறதே என்று அதை எண்ணெய்க் குளியலுக்கு வாங்கிப் போகிறவர் இருக்கிறார்கள். விளக்கு எண்ணெய் எரிப்பதற்கு மட்டுமே. இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள்.

ஒரு பழைய பாடம்

இனி, சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டிய ஒன்று. 1994 தீபாவளியை ஒட்டி நாங்களே நலங்கு மாவு அரைத்து மொத்தமாகக் கொடுத்தோம். அப்பா காலத்துச் சீட்டு ஒன்றைப் பார்த்துச் சரக்கு எடுத்து வைத்தோம். பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, கார்போக அரிசி என்று இருந்தது. சீட்டின் ஓரம் கிழிந்திருந்ததால் கார்போக அரிசியின் அளவு தெரியவில்லை. மற்றதைப் போல இதுவும் என்று சம பங்கு போட்டு அரைத்துவிட்டோம்.

பக்கத்துக் கிராமத்துச் சிறு கடைக்காரர் ஒருவர் ஐந்து கிலோ வாங்கிப் போனார். அவரிடம் வாங்கிய ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் தினமும் மாவைத் தேய்த்துக் குளித்துவிட்டு, மாடியில் வெயிலில் தலை உலர்த்தியிருக்கிறது. பத்து நாளில் முகமும் கையும் சிவந்து கொப்புளித்துவிட்டன. கொப்புளம் ஆறிய பிறகும் கருமை போக மாதக் கணக்காயிற்று. கார்போக அரிசியில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்து போகும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். சோராலென்னை வெண்தழும்புக்கு மருத்துவர்கள் அளந்து, ஒளியையும் அளந்து கொடுக்கிறார்களாம். நாங்கள் படியில் அளந்து கொட்டியிருக்கிறோம்.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. மீதி மாவைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றே சொன்னார்: "அண்ணாச்சி, இதுல என்னென்ன போட்டிருக்குன்னு அந்தப் பொண்ணோட அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல." வைத்தியச் செலவை நாங்கள் கொடுத்தோம். கொடுத்த மாவை எல்லாக் கடையிலிருந்தும் திரும்ப எடுத்துக் கொட்டினோம். ஆனால் அந்த ஊரில் அவர் கடை மேல் விழுந்த பெயரை எங்களால் திரும்ப எடுக்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் அவர் கடையை மூடினார். அந்தக் கேள்வி இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டால் கடைக்காரருக்குப் பதில் தெரிய வேண்டும். தெரியாத சரக்கை விற்கக் கூடாது.

விற்கும் முறை

ஆகவே எங்கள் யோசனை இதுதான். அரைத்த கலவை வேண்டாம். சரக்கை முழுசாக, ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லி விற்போம். முழுச் சரக்கில் பூச்சியா, பூசணமா, பழசா என்பது வாங்குபவர் கண்ணுக்கே தெரியும். பொடியில் எதுவும் தெரியாது. கேட்பவருக்கு "இந்த அளவில் வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுங்கள். கார்போக அரிசியை அந்தச் சீட்டில் எழுத வேண்டாம். அதை மட்டும் தனியே கேட்டு வந்தால், வெயில் விஷயத்தைச் சொல்லி, வைத்தியர் சொன்னால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

சீயக்காயை மாவு மில்லில் அரைக்கக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். அடுத்து வருபவரின் கோதுமை மாவு கசந்துபோகும். சீயக்காய்க்கென்றே தனி எந்திரம் வைத்திருக்கும் மில்லுக்குத்தான் போக வேண்டும்.

கஸ்தூரி மஞ்சளில் கவனம் தேவை. அந்தப் பெயரில் பல கிழங்குகள் சந்தைக்கு வருகின்றன. சமையல் மஞ்சளை அந்தப் பெயரில் கொடுத்தால் முகத்தில் மஞ்சள் கறை நிற்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். மேலும், நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது நஞ்சு. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் நல்ல சரக்குக்கு அடையாளம் அல்ல.

இருப்பு வைப்பதில் இரண்டு விஷயம். வெட்டிவேரையும் பூலாங்கிழங்கையும் டீத்தூள், அரிசி அருகில் வைத்தால் அவற்றில் மணம் ஏறிவிடும். மூடியுள்ள டப்பாவில் தனியே வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை உலர்த்தி எடுங்கள். தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும், கோடையின் தொடக்கத்திலும் கொள்முதல் செய்தால் போதும்.

சட்டமும் எச்சரிக்கையும்

நாம் கலந்து, அரைத்து, கடைப் பெயரிட்டுக் 'குளியல் பொடி' என்று விற்றால் அங்கே நாம் வியாபாரி அல்ல, தயாரிப்பாளர். 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் விற்பனைக்குத் தயாரிப்பதற்கு உரிமம் கேட்கின்றன. செய்ய விரும்புவோர் முதலில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தனிச் சரக்கையே முன்கூட்டிப் பொட்டலமாகக் கட்டி வைப்பதானால் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிடும் விதிகள் உண்டு. வாடிக்கையாளர் கண் முன்னால் நிறுத்துக் கொடுப்பதே நமக்கு எளிது.

'நோய் தீரும்' என்று பலகையில் எழுதவே வேண்டாம். குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. 'மணமான குளியலுக்கு', 'கால் அலுப்புக்கு வெந்நீரில் போட' என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

வாய் வார்த்தையாக மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லிக் கொடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு தெரியாமல் பாதம் வெந்துவிடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. புதிய சரக்கை முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே முகத்தில் தடவ வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பின் குளியலறைத் தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட வேண்டும். டைல்ஸ் தரையில் எண்ணெய் கிடந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் தை மாதம் மறுபடி கடைக்கு வந்தார். மகன் பத்து கிராம் வெட்டிவேரை நிறுத்து, துணி முடிச்சு போடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தான். "இதில் வேறு என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டார். "வேர் மட்டும்தான் சார்" என்றான் மகன். அடுத்த வாரம் வெட்டிவேருடன் மாதச் சாமான் பட்டியலும் அந்த வீட்டிலிருந்து வந்தது.

நண்பர்களே, இந்தச் சரக்கில் கோடி கிடைக்காது. ஆனால் ஒரு கேள்விக்கு நேரான பதில் கிடைத்த கடையை வாடிக்கையாளர் எளிதில் விடமாட்டார். முதலில் உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பிறகு கடையில் வையுங்கள்.