வில்லும் குடமும் சொல்லும் கதை

இரவு எட்டு மணி. அம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டிருக்கிறது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். முன் வரிசை முழுவதும் குழந்தைகள். பந்தலின் நடுவே ஒரு பெரிய வில் இருக்கிறது. அதில் வரிசையாக மணிகள் தொங்குகின்றன.

வில்லுக்குப் பின்னால் புலவர் அமர்கிறார். அவர் கையில் இரண்டு வீசுகோல்கள். நாணில் ஓர் அடி விழுகிறது. மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்குகின்றன. பேசிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிறது. புலவர் ஒரு வரி பாடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்று ஒத்துப் பாடுகிறார்கள்.

இதுதான் வில்லுப்பாட்டு. குமரி மாவட்டத்தில் இது பிறந்து வளர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதைப் பாடுகிறார்கள். மலையாளத்தில் இதற்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர்.

எல்லை என்பது பின்னால் வந்தது. இந்த ஊர்கள் எல்லாம் முன்பு திருவிதாங்கூர் அரசில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு வேறு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் உண்டு. ஆனால் பாட்டை யாராலும் கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை. பழைய பாட்டுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். மலையாள இலக்கிய வரலாறு எழுதியவர்கள் இவற்றைத் 'தெக்கன் பாட்டுகள்' என்கிறார்கள். தெக்கன் என்றால் தெற்கத்தி.

சரி, இந்தப் பாட்டுகள் யாருடைய கதையைச் சொல்கின்றன?

இராமர் கதையும் உண்டு, ஐயப்பன் கதையும் உண்டு. ஆனால் நள்ளிரவில் பாடுவது வேறு கதை. அநியாயமாகச் செத்தவர்களின் கதை அது. வஞ்சித்துக் கொல்லப்பட்டவர்கள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கொலையுண்ட பெண்கள், சாதியை மீறி மணம் செய்து உயிரை விட்டவர்கள். இவர்களைத்தான் ஊர் தெய்வமாக வைத்திருக்கிறது.

இதைக் கேட்டு ஒரு குழந்தைக்குச் சந்தேகம் வருகிறது.

"சாமி எப்படி பாட்டி சாவும்?"

"சாமியா இருந்து சாகல்ல மக்களே. செத்த பிறகுதான் சாமி ஆச்சு."

பாட்டி சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. கொலை நடந்தபோது நியாயம் கேட்க ஆள் இல்லை. வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. அதனால் ஊர் அந்தக் கதையைப் பாட்டாகக் கட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை கொடை விழாவில் எல்லோரையும் உட்காரவைத்து அதைச் சொல்கிறது. யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், எந்த இடத்தில் கொன்றார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறது.

இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்று ஒரு பாட்டு உண்டு. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் கணியாகுளம் என்ற ஊர் இருக்கிறது. 1635-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு சண்டை நடந்தது. மதுரை திருமலை நாயக்கரின் படை ஒரு பக்கம். வேணாட்டுப் படை மறு பக்கம். வேணாட்டுப் படைக்குத் தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை. கூட இருந்தவர்களே பொறாமையால் அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று பாட்டு சொல்கிறது. போகாதே என்று வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள். கெட்ட கனவு கண்டதைச் சொல்லித் தடுக்கிறார்கள். அவர் போகிறார், சாகிறார். சண்டையைவிட அந்த வீட்டு அழுகைதான் கேட்பவர் மனதில் நிற்கும். போருக்கு ஆண்மக்களை அனுப்பிய எந்த வீட்டுக்கும் அது பொருந்தும்.

நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு இன்னொரு கதையும் நெருக்கமானது. அங்கே கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலா மரம் உண்டு. அம்மச்சிப் பிலாவு என்று அதைச் சொல்வார்கள். மார்த்தாண்ட வர்மா அரசராகும் முன்பு எதிரிகள் அவரைத் துரத்தினார்கள். அந்த மரத்தின் பொந்தில் ஒளிந்து அவர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த அடிமரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

துரத்தியவர்களின் தலைவர்கள் யார்? முந்தைய அரசரின் மகன்களான பப்புத் தம்பியும் இராமன் தம்பியும். அந்தக் காலத்து மருமக்கள் வழி முறையில், அரசரின் மகனுக்கு ஆட்சி உரிமை இல்லை. சகோதரியின் மகனுக்குத்தான் உரிமை. தம்பிமார் இதை ஏற்கவில்லை. 1729-இல் மார்த்தாண்ட வர்மா அரசரானார். பின்னால் தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். சி.வி. இராமன் பிள்ளை 1891-இல் 'மார்த்தாண்ட வர்மா' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதினார். அதில் தம்பிமார் கெட்டவர்கள்.

வில்லுப்பாட்டிலோ கதை திரும்பி நிற்கிறது. 'தம்பிமார் கதை'யில் அரசர் அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்கிறார். பேச்சு முறிகிறது. அண்ணனும் தம்பியும் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறார்கள். கேட்பவர்கள் அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள்.

எது உண்மை? இரண்டு பக்கமும் குற்றம் இருந்திருக்கலாம். பாட்டு சொல்வதெல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக அரண்மனைப் பக்கம் நின்று எழுதியதெல்லாம் நடந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வென்றவருக்கு அரண்மனை இருந்தது, எழுத்து இருந்தது, மரம்கூட சாட்சி சொன்னது. தோற்றவருக்கு ஒரு வில்லும் ஒரு மண் குடமும்தான் இருந்தன. ஏறக்குறைய 300 ஆண்டு கழிந்தும் அவர்கள் தரப்பு நமக்குத் தெரிகிறது. அந்த வில்லும் குடமும் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

பாட்டையும் மாற்றிவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். நெல்லைப் பக்கத்துக் கதை இது. முத்துப்பட்டன் பிராமணர். வாலப்பகடை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள். முத்துப்பட்டன் அவர்களை மணக்கிறார். அதற்காகப் பூணூலை அறுக்கிறார், செருப்புத் தைக்கிறார். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டுச் சாகிறார். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவருக்கு இடம் உண்டு. பக்தர்கள் இன்றும் அங்கே செருப்பைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள்.

பின்னால் வந்த சிலர் இந்தக் கதையில் கை வைத்தார்கள். அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சேர்த்தார்கள். இப்படிச் சேர்த்துவிட்டால் சாதியை மீறியதாகவே ஆகாது அல்லவா? நா. வானமாமலை என்ற அறிஞர் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். இந்த ஒட்டுவேலையை அவர் எடுத்துக்காட்டினார். இன்னொன்று. கணவன் சிதையில் மனைவிமார் தீப்பாய்ந்ததை இந்தப் பாட்டு புகழ்கிறது. அதை இன்று நாம் புகழ முடியாது.

பாடுவதால் வேதனை தீருமா? கொடை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் குமரிப் பக்கம் தங்கி இதைக் கவனித்தார். 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். கதையில் மரணம் வரும் நேரத்தில்தான் சாமியாடிகள் மேல் தெய்வம் இறங்குகிறது என்று அவர் எழுதினார். புலவர் வேகத்தைக் கூட்டுகிறார். குடம் அடிப்பவர் ஒரு கையில் பத்தியும் மறு கையில் காசும் வைத்து மாற்றி மாற்றி அடிக்கிறார். உடுக்கை அதிர்கிறது. சாமியாடி ஆடுகிறார். செத்தவர் திரும்பி வந்து ஊர் நடுவில் நிற்பதுபோல் இருக்கும். அப்போது பெண்கள் தங்கள் குறையைச் சொல்லி வாய்விட்டு அழுவார்கள். வீட்டில் அழ முடியாத அழுகை அது. குறி கேட்பார்கள், திருநீறு வாங்குவார்கள். கெட்ட சாவு என்று பயந்து ஒதுக்கிய பெயரை, பூ வைத்துப் படையல் போட்டு மரியாதையோடு சொல்வார்கள். இசக்கியம்மன் கோயில்களில் குழந்தை வேண்டி மரத்தொட்டில் கட்டுவதும் இப்படிப்பட்ட நம்பிக்கைதான். அங்கே இருப்பவளும் கதைப்படி கொலையுண்ட ஒரு பெண்ணே.

உலகத்தில் வேறு இடங்களிலும் எளிய மக்கள் தங்கள் இழப்பை இப்படிக் கலையாக வைத்துக் காத்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. 1973-இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தார்கள். கணவன் இல்லாத வீடு, மகனைத் தேடி நிற்கும் தாய் என்று துணியிலேயே படம் செய்தார்கள். பேசினால் ஆபத்து. ஆனால் தையல் வேலையை முதலில் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தத் துணிகள் வெளிநாடு போய் உண்மையைச் சொல்லின.

நம் பக்கம் இந்தக் கலையைப் புது வேலைக்கும் பயன்படுத்தினார்கள். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். அவர் அழைத்துப் போன சுப்பு ஆறுமுகம் காந்தியின் கதையை வில்லில் பாடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022-இல் காலமானார்.

எல்லோருக்கும் விருது கிடைக்கவில்லை. குமரி மாவட்டத்தில் பூங்கனி என்ற பெண் இருந்தார். ஆண்களே தலைமை தாங்கிய மேடையில் வீசுகோல் பிடித்துப் பெயர் பெற்றவர். சிறு வயதில் தொடங்கி ஊர் ஊராகப் பாடினார். முதுமையில் வறுமையில் தனியாக வாழ்ந்தார். 2018-இல் இறந்தார். ஊரார் துயரத்தை எல்லாம் பாடியவரின் துயரத்தைக் கேட்க ஆள் குறைவு.

இப்போது பல ஊர்களில் கொடையை ஓர் இரவோடு முடிக்கிறார்கள். கதையைச் சுருக்கச் சொல்கிறார்கள். நடுவில் சினிமாப் பாட்டும் கேட்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். பாட்டி அறிந்த தமிழ்ப் பாட்டு அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. முன்பு புலவர்கள் பாட்டை ஓலை ஏட்டில் எழுதிவைத்தார்கள். பிறகு நோட்டுப் புத்தகம் வந்தது. ஏடு செல்லரித்தால், நோட்டு தொலைந்தால், பாட்டு பாடியவரோடு போய்விடும். உங்கள் ஊர்த் தெய்வம் யாராக இருந்தது, எப்படி இறந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்த பெரியவர் இருந்தால் அவர் சொல்லச் சொல்ல எழுதலாம். எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை.

விடியும் நேரம். புலவர் வாழி பாடுகிறார். கேட்டவர் வாழ்க, ஊர் வாழ்க என்று வாழ்த்துகிறார். முன் வரிசைக் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். மணிகளைக் கழற்றுகிறார்கள், நாணை அவிழ்க்கிறார்கள். பாட்டி பேத்தியைத் தட்டி எழுப்புகிறார்.

"முடிஞ்சு போச்சா பாட்டி?"

"முடிஞ்சுது மக்களே. நட, வீட்டுக்குப் போகலாம். மீதிக் கதையை வழியில சொல்லுதேன்."